ஓரமும் மையமும்: உதைபந்தாட்டத் தாக்குதலின் வரலாறு

உதைபந்தாட்டத்தில் கோலின் அகலம் 8 யார். நாடுகளுக்கிடையே நடைபெறும் போட்டிகளில் மைதானத்தின் அகலம் 70 யார் தொடக்கம் 80 யார் வரை இருக்கலாம். 80 யார் அகலமான மைதானமொன்றில், கோற் கம்பத்துக்கும் பக்கக் கோட்டுக்கும் இடையே இருபுறமும் 36 யார் வெளி கிடக்கிறது. பந்து சென்று சேரவேண்டிய இடம் நடுவில் இருக்கின்றது. காவலரும் அங்கேயே திரண்டு நிற்பர். ஓரத்திலோ காவல் குறைவு. ஆயினும் ஓரத்தில் நின்றுகொண்டு கோல் அடிப்பது அரிது. இம்முரண்பாடு ஆட்டத்தோடு கூடப் பிறந்தது. தாக்குதலை நடுவழியே நடத்துவதா, ஓரவழியே நடத்துவதா என்னும் வினாவுக்கு ஒவ்வொரு தலைமுறையும் தன் விடையைக் கூறி வந்திருக்கின்றது. அவ்விடைகளைத் தொடர்ந்து நோக்குவோர், உதைபந்தாட்டத் தந்திரத்தின் வரலாற்றிற் பெரும்பகுதியை அறிந்தவராவர்.

அவ்வரலாற்றில் 1953 ஆம் ஆண்டு தனியிடம் பெறுவது. அவ்வாண்டில், ஏழு மாதங்களுக்குட்பட்ட இடைவெளியில், இலண்டன் வெம்பிளி அரங்கில் இரு போட்டிகள் நடைபெற்றன. முதலாவது ஓர வீரரின் பெருமையை உச்சிக்கு ஏற்றியது. இரண்டாவது மத்திய வீரர் என்னும் சொல்லின் பொருளையே மாற்றியது. இரண்டிலும் ஆடிய இங்கிலாந்து வீரர் நால்வர். இரண்டாவது போட்டியில் மட்டும் ஆடிய ஒருவர், பதின்மூன்று ஆண்டுகளின் பின் அதே அரங்கிற்குத் தம் நாட்டு அணியின் முகாமையாளராகத் திரும்பி வந்து, ஓர வீரர் ஒருவரேனும் இன்றி உலகக் கிண்ணத்தை வென்றார். இந்நிகழ்ச்சிகளின் தொடர்பை விளங்கிக்கொள்வதற்கு, ஆட்டத்தின் தொடக்க காலத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1863 ஆம் ஆண்டில் இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் அமைந்து விதிகள் வகுக்கப்பட்டன. அக்காலத்து ஆட்டம் பெரும்பாலும் ஒருவர் பந்தைத் தம் காலோடு உருட்டிச் செல்வதும், ஏனையோர் அவர் பின்னே கூட்டமாக ஓடுவதுமாகவே இருந்தது. கூட்டமாகத் தாக்குவோர்க்கு ஓரம் என்றும் மையம் என்றும் வேறுபாடு இல்லை. 1872 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆந் திகதி, ஸ்கொத்லாந்தும் இங்கிலாந்தும் கிளாஸ்கோ நகரில் முதன்முதலாகச் சந்தித்த போட்டி கோல் எதுவுமின்றி முடிவுற்றது. ஆயினும் ஸ்கொத்லாந்தியர் பந்தை ஒருவருக்கொருவர் பரிமாறி ஆடும் முறையை வளர்த்தெடுத்தனர். பந்தைப் பரிமாறுவதென்றால், அதைப் பெறுவதற்கு ஒருவர் தூரத்தில் நிற்றல் வேண்டும். அவ்வாறு தூரத்தில் நிற்கத் தொடங்கியவரே ஓர வீரரின் முன்னோர் எனலாம்.

அந்நூற்றாண்டின் இறுதிக்குள், இரு பின்காவலர், மூன்று இடைநிலை வீரர், ஐந்து முன்னணி வீரர் என்னும் அமைப்பு பிரித்தானியாவெங்கும் நிலைபெற்றது. ஐந்து முன்னணி வீரருள் நடுவில் நிற்பவர், மைதானத்தில் ‘சென்டர் போர்வட்’ என வழங்கப்பெறும் மத்திய முன்னணி வீரர். அவரின் இருபுறமும் உள்முன்னணி வீரர் இருவர். பக்கக் கோட்டை ஒட்டி நிற்போர் இருவர். இவர்களே ‘விங்கர்’ எனப்படும் ஓர வீரர். ஒவ்வொருவர்க்கும் ஓர் இடமும் ஒரு கடமையும் வகுக்கப்பட்டிருந்தன. ஓர வீரர் பின்காவலரை ஏமாற்றிக் கடந்து, மூலைக்கு அண்மையிலிருந்து பந்தைக் குறுக்காக உயர்த்தி அனுப்புவார். மத்திய வீரர் ஓடிவந்து அதைத் தலையாலோ காலாலோ கோலுக்குட் செலுத்துவார். ஓரம் உழுதது, மையம் அறுவடை செய்தது.

1925 ஆம் ஆண்டில் ‘ஓப்சைட்’ விதி திருத்தப்பட்டது. அதுவரை, பந்து முன்னோக்கி அனுப்பப்படும்போது, அதைப் பெறுபவர்க்கும் கோற் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. அம்மூவர் இருவராகக் குறைக்கப்பட்டனர். விளைவு உடனே தெரிந்தது. இங்கிலாந்தின் முதற்பிரிவில் 1924-25 பருவத்தில் அடிக்கப்பட்ட 1192 கோல்கள், அடுத்த பருவத்தில் 1703 ஆக உயர்ந்தன. 1927-28 பருவத்தில் எவர்ட்டன் கழகத்தின் மத்திய வீரர் டிக்சி டீன் தனியொருவராக 60 லீக் கோல்களை அடித்தார். இன்றுவரை இங்கிலாந்தின் முதனிலைப் பிரிவில் அத்தொகையை எவரும் எட்டவில்லை.

பெருகிவந்த இக் கோல் வெள்ளத்துக்கு அணை கட்டியவருள் முதன்மையானவர் ஆர்செனல் கழகத்தின் முகாமையாளர் ஹேர்பட் சப்மன். அதுவரை தாக்குதலிலும் பங்குகொண்டிருந்த மத்திய இடைநிலை வீரரை அவர் பின்னே இழுத்து, இரு பின்காவலருக்கும் நடுவில் நிறுத்தினார். எதிரணியின் மத்திய முன்னணி வீரரைக் காவல் செய்வதே அவருடைய வேலை. உள்முன்னணி வீரர் இருவரும் சற்றுப் பின்வாங்கினர். மேலிருந்து நோக்குவோர்க்கு வீரர் நிற்கும் நிலை ஆங்கிலத்தின் ‘டபிள்யூ’, ‘எம்’ என்னும் எழுத்துக்களைப் போலத் தோன்றியமையால், இம்முறை அவ்வெழுத்துக்களாலேயே பெயர் பெற்றது.

சப்மனின் திட்டத்தில் மற்றொரு மாற்றமும் இருந்தது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தம் ஓர வீரர் பக்கக் கோட்டை ஒட்டியே நில்லாது, கோலை நோக்கி உட்புறமாக ஓடிவர வேண்டும் என்று அவர் விரும்பினார். நடுவில் நின்ற அலெக்ஸ் ஜேம்ஸ் நீண்ட பந்துகளை அனுப்ப, வலப்புறத்தில் ஜோ ஹியூமும் இடப்புறத்தில் கிளிப் பாஸ்டினும் அவற்றைத் துரத்திச் சென்றனர். 1932-33 பருவத்தில் ஆர்செனல் லீக் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றபோது, இடது ஓர வீரரான பாஸ்டின் மட்டும் 33 கோல்களை அடித்திருந்தார். ஓர வீரர் உழுபவர் மட்டுமல்லர், அறுவடை செய்பவருமாவார் என்பதை அத்தொகை காட்டியது. ஆயினும் சப்மன் 1934 ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். அவரைப் பின்பற்றியோர் அவருடைய காவல் முறையைக் கைக்கொண்ட அளவுக்கு, அவருடைய ஓர வீரரின் சுதந்திரத்தைக் கைக்கொள்ளவில்லை.

இருபது ஆண்டுகள் கழிந்தன. ஆங்கில உதைபந்தாட்டத்தில் ஒவ்வொருவரும் தம் முதுகிலிருந்த இலக்கத்துக்குரிய இடத்தில் நின்றனர். எதிரணியின் ஒன்பதாம் இலக்கத்தவரை நம் அணியின் ஐந்தாம் இலக்கத்தவர் காவல் செய்வார். ஏழாம் இலக்கத்தவரை மூன்றாம் இலக்கத்தவர் பார்த்துக்கொள்வார். இவ்வொழுங்கில் நின்ற பின்காவலர் ஒருவர்க்கு, மைதானத்திலே மிக அஞ்சத்தக்க காட்சி, ஏழாம் இலக்கச் சட்டையோடு தம்மை நோக்கி மெல்ல வரும் ஸ்டான்லி மத்தியூஸ் ஆகும்.

மத்தியூஸ் 1915 ஆம் ஆண்டில் ஸ்டோக் நகரின் ஹன்லி என்னும் பகுதியிற் பிறந்தவர். தந்தையார் முடி திருத்துபவர், குத்துச்சண்டை வீரருமாவார். மத்தியூசின் கலை எளிமையானது. ஆயினும் பிறரால் எளிதிற் பின்பற்ற இயலாதது. பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு காவலரின் அருகே செல்வார். உடலை உட்புறமாகச் சாய்ப்பார். காவலரின் எடை அப்பக்கம் மாறியவுடனே வெளிப்புறமாகப் பாய்ந்து சென்றுவிடுவார். அவர் என்ன செய்யப்போகிறார் என்பது காவலர்க்குத் தெரியும்; எப்போது செய்வார் என்பதே தெரியாது.

1953 ஆம் ஆண்டு மே 2 ஆந் திகதி, சங்கக் கிண்ண இறுதிப் போட்டியில் அவருடைய பிளக்பூல் கழகம் போல்டன் வொண்டறர்ஸ் கழகத்தைச் சந்தித்தது. மத்தியூசுக்கு அப்போது வயது 38. 1948 ஆம் ஆண்டிலும் 1951 ஆம் ஆண்டிலும் இறுதிப் போட்டிக்கு வந்து தோல்வியோடு திரும்பியவர் அவர். இம்முறையும் போல்டன் 3-1 என முன்னணியில் நின்றது. ஆனால் போல்டனின் இடப்புறம் காயப்பட்டிருந்தது. இடது இடைநிலை வீரர் எரிக் பெல் தசை பிடித்து நொண்டினார். பின்னர் இடது பின்காவலரும் தசைப்பிடிப்புக்கு ஆளானார். பதில் வீரரை இறக்குவதற்கு அக்கால விதி இடங்கொடுக்கவில்லை. பிளக்பூல் வீரர் பந்தை மீண்டும் மீண்டும் வலது ஓரத்துக்கே அனுப்பினர். மத்தியூஸ் அனுப்பிய பந்தொன்றைக் கோற் காவலர் நழுவவிட, ஸ்டான் மோர்ட்டென்சன் அதைக் கோலாக்கினார். இறுதி நிமிடங்களில் மோர்ட்டென்சன் மற்றுமொரு கோலடித்துச் சமப்படுத்தினார். ஆட்டம் முடியும் தறுவாயில், மத்தியூஸ் வலது ஓரத்தில் காவலரைக் கடந்து பின்னோக்கித் தட்டிய பந்தை பில் பெரி கோலுக்குட் செலுத்தினார். முடிவு 4-3.

மூன்று கோல்களை அடித்தவர் மோர்ட்டென்சன். ஆயினும் அப்போட்டி மத்தியூசின் இறுதிப் போட்டி என்றே இன்றும் அழைக்கப்படுகின்றது. கோல் அடித்தவரை விடுத்துக் கோலுக்கு வழி சமைத்தவரின் பெயரைப் போட்டிக்கு வைத்த மக்கள், ஓர வீரர்பால் வைத்திருந்த மதிப்பு அத்தகையது. அன்று பிளக்பூல் அணியின் தலைவராகக் கிண்ணத்தைப் பெற்றவர் ஹரி ஜோன்ஸ்டன் என்னும் மத்திய இடைநிலை வீரர். அவர் பெயரை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவ்வாண்டு நவம்பர் 25 ஆந் திகதி ஹங்கேரி நாட்டு அணி வெம்பிளிக்கு வந்தது. முந்திய ஆண்டில் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்ற அணி அது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியேயிருந்து வந்த எந்த நாட்டிடமும் இங்கிலாந்து தன் சொந்த மண்ணில் அதுவரை தோல்வியுற்றதில்லை. இங்கிலாந்து அணியில் மத்தியூஸ், மோர்ட்டென்சன், ஜோன்ஸ்டன் முதலிய பிளக்பூல் வீரர் இருந்தனர். வலது பின்காவலராக நின்றவர் டொட்டன்ஹாம் கழகத்தின் அல்ப் ராம்சி.

ஹங்கேரியின் ஒன்பதாம் இலக்கச் சட்டையை அணிந்திருந்தவர் நான்டோர் ஹிடெக்குட்டி. இலக்கத்தை நோக்கினால் அவர் மத்திய முன்னணி வீரர். அவரைக் காவல் செய்வது ஜோன்ஸ்டனின் கடமை. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே ஹிடெக்குட்டி கோல் அடித்தார். அதன் பின்னர் அவர் மத்திய முன்னணி வீரர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பின்வாங்கி, மைதானத்தின் நடுவே வந்து பந்தைப் பெற்றார். அவருக்கு முன்னே, உள்முன்னணி வீரரான புஷ்காஷும் கொச்சிஷும் ஈட்டி முனைகளைப் போல நின்றனர்.

ஜோன்ஸ்டன் என்ன செய்வது? ஹிடெக்குட்டியைத் தொடர்ந்து முன்னே சென்றால், கோலுக்கு முன்னால் அவர் விட்டுச்செல்லும் வெளியில் புஷ்காஷும் கொச்சிஷும் புகுவர். தம் இடத்திலேயே நின்றால், ஹிடெக்குட்டி தடையின்றிப் பந்தைப் பெற்று, நினைத்தவாறு ஆட்டத்தை நடத்துவார். எந்த வழியைத் தெரிந்தாலும் அது தவறாகவே முடியும். ஏழு மாதங்களுக்கு முன்னர் கிண்ணத்தை ஏந்திய அனுபவசாலி, விடையில்லாத வினாவொன்றின் முன் நிறுத்தப்பட்டார். அவருடைய ஆற்றல் குறையவில்லை. அவர் கற்ற பாடத்தில் அவ்வினாவே இடம்பெறவில்லை.

ஹங்கேரியின் ஓர வீரரும் ஓரத்தில் அசையாது நிற்கவில்லை. அப்போட்டியின் மிகப் புகழ்பெற்ற கோலுக்கு, இடது ஓர வீரரான சிபோர் வலப்புறத்துக்கு வந்து பந்தைக் கொடுத்தார். அதைப் பெற்ற புஷ்காஷ், பாய்ந்து வந்த இங்கிலாந்துத் தலைவர் பில்லி ரைட்டின் முன்னே பந்தை உள்ளங்காலாற் பின்னிழுத்து, அவர் வெறுந்தரையிற் சறுக்கிச் செல்ல, கோலுக்குள் அடித்தார். ஹிடெக்குட்டி மொத்தம் மூன்று கோல்கள், புஷ்காஷ் இரண்டு, போசிக் ஒன்று. முடிவு 6-3. அடுத்த ஆண்டு மே மாதத்தில் புடாபெஸ்ட் நகரில் இங்கிலாந்து 7-1 எனத் தோற்றது. வெம்பிளியில் அன்று ஆடிய ஆங்கில வீரருள் அறுவர் அதன்பின் நாட்டுக்காக ஆடவேயில்லை. ஜோன்ஸ்டன், மோர்ட்டென்சன், ராம்சி ஆகியோர் அவருள் அடங்குவர்.

மத்திய வீரர் பின்வாங்கி ஆடும் முறை ஓரிரவிற் பிறந்ததன்று. 1930 களில் ஆஸ்திரிய அணியின் மத்தியாஸ் சின்டெலார் உடல் வலிமையாலன்றி, இடம் மாறி நின்று பந்தைப் பரிமாறும் நுண்மையாற் புகழ் பெற்றார். ஹங்கேரியில் எம்.ரி.கே. கழகத்தின் பயிற்றுநர் மார்ட்டன் புகோவி இம்முறையை வளர்த்தார். தேசிய அணியின் பொறுப்பாளர் குஸ்டாவ் ஷெபெஷ் அதைக் கையாண்டார். இவர்களுக்கு முன்னர், முதலாம் உலகப் போர்க் காலத்தில், அதே எம்.ரி.கே. கழகத்திற் பந்துப் பரிமாற்றக் கலையைக் கற்பித்தவர் இங்கிலாந்தின் லங்காசயரிற் பிறந்த ஜிம்மி ஹோகன். சொந்த நாட்டில் அவர் சொல்லுக்குக் கிடைத்த மதிப்புச் சிறிது. அயல்நாட்டில் அவர் இட்ட வித்து, மரமாகி வெம்பிளியிற் கனி தந்தது.

ஐந்து ஆண்டுகளின் பின், 1958 ஆம் ஆண்டு உலகக் கிண்ணச் சுற்றுப்போட்டியில், பிரேசில் மற்றொரு விடையைக் கூறியது. காவலர் நால்வர், இடையில் இருவர், முன்னணியில் நால்வர் என்பது அதன் அமைப்பு. வலது ஓரத்தில் நின்றவர் கரிஞ்சா. வளைந்த கால்களோடு பிறந்தவர். பந்தைக் காலிற் கொண்டால் காவலர் இருவர் மூவரையும் திகைக்க வைப்பவர். ஜூன் 29 ஆந் திகதி சுவீடனுக்கு எதிரான இறுதிப் போட்டியில், எதிரணி முதற் கோலை அடித்த பின்னர், கரிஞ்சா இருமுறை வலது ஓரத்திற் காவலரைக் கடந்து பந்தை உட்செலுத்த, இருமுறையும் மத்திய வீரர் வாவா கோல் அடித்தார். பிரேசில் 5-2 என வென்றது.

ஆனால் அதே அணியின் இடது ஓரத்தில் நின்ற சகாலோவின் ஆட்டம் வேறு வகையானது. பந்து எதிரணியின் வசமானவுடன் அவர் பின்னோக்கி ஓடிவந்து, இடையில் மூன்றாமவராகச் சேர்ந்துகொள்வார். இடையறாத உழைப்பினால் அவர்க்குச் ‘சிற்றெறும்பு’ என்னும் பட்டப்பெயர் வழங்கியது. ஒரே அணியில் ஓர் ஓரம் கலைஞனுக்கும் மற்றைய ஓரம் உழைப்பாளிக்கும் உரியதாயிற்று. வலது ஓரத்தில் கரிஞ்சாவுக்கு அளிக்கப்பட்ட சுதந்திரத்தின் விலையை, இடது ஓரத்தில் சகாலோ செலுத்திக்கொண்டிருந்தார். பிரேசிலை வியந்து பார்த்தோர் பலர் கரிஞ்சாவைக் கண்டனர். சகாலோவைக் கண்டவர் சிலரே.

அல்ப் ராம்சி பின்காவலராக ஆடிய காலத்தில் வேகத்துக்குப் பெயர் பெற்றவரல்லர். நிதானத்துக்கும் பிழையற்ற பந்துப் பரிமாற்றத்துக்குமே பெயர் பெற்றவர். 1955 ஆம் ஆண்டில் அவர் இப்ஸ்விச் என்னும் சிறிய கழகத்தின் முகாமையாளரானார். அக்கழகம் அப்போது மூன்றாம் பிரிவில் இருந்தது. 1961 ஆம் ஆண்டில் அது முதன்முறையாக முதற்பிரிவுக்கு உயர்ந்தது. முதற் பருவத்திலேயே லீக் வெற்றிக் கிண்ணத்தையும் பெற்றது.

இப்ஸ்விச்சின் இடது ஓர வீரர் ஜிம்மி லெட்பெற்றர் ஓட்டத்தில் விரைவற்றவர். ராம்சி அவரை ஓரத்தின் முன்னே நிறுத்தாது, மிகப் பின்னே இழுத்து நிறுத்தினார். எதிரணியின் வலது பின்காவலர், தாம் காவல் செய்ய வேண்டியவரைத் தேடி முன்னே சென்றால், அவர் பின்னால் பெரிய வெளி உண்டாகும். அங்கேயே நின்றால், லெட்பெற்றர் அவசரமின்றித் தலைநிமிர்ந்து பார்த்து, மத்தியில் நிற்கும் ரே குரோபோர்டுக்கோ ரெட் பிலிப்சுக்கோ பந்தை அனுப்புவார். 1961-62 பருவத்தில் அவ்விருவரும் அடித்த லீக் கோல்கள் 61. ஜோன்ஸ்டனுக்கு மையத்தில் ஏற்பட்ட அதே இக்கட்டு, இப்போது பின்காவலருக்கு ஓரத்தில் ஏற்பட்டது. தம் கண்முன்னே ஜோன்ஸ்டன் தடுமாறியதைக் கண்ட ஒருவர், அவ்வினாவை வேறோர் இடத்தில் எதிரணியினரிடம் கேட்டார் என்று கொள்வது பொருந்தும்.

இவ்வகைத் தந்திரம் இரகசியமாக இருக்கும்வரையே வலியது என்பதையும் இப்ஸ்விச்சின் வரலாறு காட்டுகின்றது. 1962 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் டொட்டன்ஹாம் அணி, பின்காவலரை முன்னே செல்லவிடாது, லெட்பெற்றரைத் தன் இடைநிலை வீரரைக் கொண்டே காவல் செய்து, 5-1 என வென்றது. ஏனைய கழகங்களும் அதைக் கற்றன. அப்பருவத்தில் இப்ஸ்விச் பதினேழாம் இடத்துக்கு இறங்கியது.

அதற்குள் ராம்சி இங்கிலாந்து அணியின் பொறுப்பை ஏற்றிருந்தார். 1965 ஆம் ஆண்டு டிசெம்பர் 8 ஆந் திகதி மட்ரிட் நகரில், அப்போதைய ஐரோப்பிய வெற்றி நாடாகிய ஸ்பெயினுக்கு எதிராக, ஓர வீரர் எவருமின்றி அணியை நிறுத்தினார். ஸ்பெயினின் பின்காவலர் இருவரும் காவல் செய்வதற்கு ஆளின்றி நின்றனர். இங்கிலாந்து 2-0 என வென்றது.

ஆயினும் அவர் அம்முறையில் உடனே நிலைத்துவிடவில்லை. 1966 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின் முதற் சுற்றில், மூன்று போட்டிகளில் ஜோன் கொனலி, டெரி பெயின், இயன் கலகன் என ஓர வீரர் மூவரைப் போட்டிக்கு ஒருவராக ஆடவிட்டுப் பார்த்தார். உருகுவேயுடன் கோலின்றிச் சமநிலை. மெக்சிக்கோவையும் பிரான்சையும் 2-0 என வென்றாலும் ஆட்டம் சிறக்கவில்லை. காலிறுதியில் ஆர்ஜன்டீனாவுக்கு எதிராக ஓர வீரரை விடுத்தார். அலன் போல், மாட்டின் பீற்றர்ஸ் என்னும் இளைஞர் இருவர், ஓரத்துக்கும் மையத்துக்கும் இடையே ஓயாது ஓடி உழைத்தனர். நடுவில் நின்று தாக்குதலை நடத்தியவர் பொபி சார்ள்டன். இதே சார்ள்டன் 1962 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இடது ஓர வீரராக ஆடியவர் என்பது கவனித்தற்பாலது. ஓரத்தில் வளர்ந்த ஆற்றலே மையத்துக்கு மாற்றப்பட்டது.

செய்தியாளர் அவ்வணியை ஓர வீரரற்ற அணி என்றனர். அப்பெயர் உண்மையானது, ஆயினும் முழு உண்மையன்று. ஆர்ஜன்டீனாவுக்கு எதிரான ஒரே கோல், இடது ஓரத்திலிருந்து பீற்றர்ஸ் உயர்த்தி அனுப்பிய பந்தை ஜெப் ஹேர்ஸ்ட் தலையால் முட்டியதால் வந்தது. ஜூலை 30 ஆந் திகதி மேற்கு ஜெர்மனிக்கு எதிரான இறுதிப் போட்டியில், குறுக்குக் கம்பத்திற் பட்டுக் கீழே விழுந்து, கோட்டைக் கடந்ததா இல்லையா என்று இன்றும் வாதிக்கப்படும் மூன்றாவது கோலுக்கு, வலது ஓரத்திலிருந்து பந்தை அனுப்பியவர் போல். மேலதிக நேரத்தில், பிறர் கால் சோர்ந்த வேளையில், அவர் ஜெர்மானியப் பின்காவலர் ஷ்னெலிங்கரின் புறத்தே மீண்டும் மீண்டும் ஓடிச்சென்றார். ஓர வீரர் மறைந்தார், ஓரம் மறையவில்லை. அங்கே ஒருவர் நிலையாக நிற்பதற்குப் பதிலாக, வேண்டியபோது ஒருவர் வந்து சேர்ந்தார். இதுவே ராம்சி செய்த மாற்றத்தின் சாரம்.

இங்கிலாந்து 4-2 என வென்றது. வெற்றி பெற்ற முறையைப் பிறர் பின்பற்றுவது இயல்பு. ஆனால் பின்பற்றியோர் பலர் சாரத்தை விட்டுத் தோற்றத்தையே எடுத்துக்கொண்டனர். ஓர வீரரை நீக்குவது எளிது. போலைப் போலவும் பீற்றர்சைப் போலவும் உழைப்பும் நுண்ணறிவும் ஒருங்கே வாய்ந்தவரைக் காண்பது அரிது. அதன் பின்வந்த ஆண்டுகளில் ஆங்கிலக் கழகங்கள் பலவற்றில் ஓட்டமும் உழைப்பும் மிகுந்தன. காவலர் ஒருவரை நேரே நோக்கிச் சென்று ஏமாற்றும் கலை அருகியது. ஐம்பதாவது வயதிலும் லீக் போட்டியில் ஆடி, 1965 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற மத்தியூசின் தொழிலுக்கு, அடுத்த ஆண்டே வாரிசு வேண்டாம் என்று தீர்ப்புக் கூறப்பட்டதைப் போலாயிற்று.

அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. 1968 ஆம் ஆண்டு மே 29 ஆந் திகதி, அதே வெம்பிளியில், மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம் பென்பிக்கா கழகத்தை 4-1 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றது. அன்று எதிரணியின் காவலரை இடது ஓரத்தில் இடைவிடாது அலைக்கழித்தவர் ஜோன் அஸ்டன் என்னும் ஓர வீரர். இரு ஆண்டுகளுக்கு முன் ஓர வீரரின்றி வென்ற அரங்கில், ஓர வீரரால் மற்றொரு கிண்ணம் வந்தது.

1970 ஆம் ஆண்டு ஜூன் 21 ஆந் திகதி மெக்சிக்கோ நகரில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியோ, இரு வழிகளையும் ஒன்றாக இணைத்துக் காட்டியது. பிரேசிலின் வலது ஓர வீரர் ஜயர்சீனியோ தம் ஓரத்தை விட்டு உட்புறமாகவும் இடப்புறமாகவும் நகர்ந்தார். ஒட்டிக் காவல் செய்யும் முறையிற் பயின்ற இத்தாலியப் பின்காவலர் பக்கெட்டி அவரைத் தொடர்ந்து சென்றார். மைதானத்தின் வலப்புறம் முழுவதும் வெறுமையாயிற்று. இறுதிக் கட்டத்தில், மையத்திற் பந்தைப் பெற்ற பெலே, அவசரமின்றி அதை வலப்புறத்து வெற்றிடத்துக்கு உருட்டினார். பின்னாலிருந்து ஓடிவந்த வலது பின்காவலர் கார்லோஸ் அல்பேட்டோ அதை ஓங்கி உதைத்துக் கோலாக்கினார். முடிவு 4-1. ஓர வீரர் ஓரத்தை விட்டு நீங்கியதனாலேயே ஓரம் பயன் தந்தது. அன்று தொடக்கம், பின்காவலர் முன்னேறி ஓரத்தை நிரப்புவது உலகெங்கும் பொது வழக்காகத் தொடங்கியது.

ஹிடெக்குட்டியின் வினாவும் மறைந்துவிடவில்லை. 2009 ஆம் ஆண்டு மே 2 ஆந் திகதி, மத்தியூசின் இறுதிப் போட்டி நிகழ்ந்து சரியாக ஐம்பத்தாறு ஆண்டுகள் நிறைந்த நாளில், பார்சிலோனா கழகம் மட்ரிட் நகரில் ரியல் மட்ரிட் கழகத்தைச் சந்தித்தது. பயிற்றுநர் குவார்டியோலா, வழக்கமாக வலது ஓரத்தில் ஆடிவந்த லியோனல் மெஸ்சியை மையத்துக்கு மாற்றி, மத்திய வீரரான எட்டோவை ஓரத்துக்கு அனுப்பினார். மெஸ்சி மையத்திலும் நிற்கவில்லை. பின்வாங்கி நடுக்களத்துக்கு வந்தார். ரியல் மட்ரிட்டின் மத்திய காவலர் தொடர்ந்து செல்வதா, நிற்பதா என்று அறியாது திகைத்தனர். பார்சிலோனா 6-2 என வென்றது. மெஸ்சி இரு கோல்களை அடித்தார். தொலைக்காட்சிப் பதிவுகளும் ஆய்வுக் கருவிகளும் மலிந்த காலத்திலும், ஜோன்ஸ்டன் சந்தித்த வினா அதே வலிமையோடு திரும்பி வந்தது.

ஓர வீரரும் புதிய உருவிற் திரும்பினார். வலக்கால் வல்லவர் வலது ஓரத்திலும், இடக்கால் வல்லவர் இடது ஓரத்திலும் நிற்பது பழைய வழக்கு. பந்தை வெளிப்புறமாகக் கொண்டுசென்று உயர்த்தி அனுப்புவதற்கு அது ஏற்றது. இக்கால அணிகள் பலவற்றில் இவ்வொழுங்கு தலைகீழாக்கப்பட்டுள்ளது. இடக்கால் வல்லவரான ஆர்யன் ரொபன் வலது ஓரத்திலிருந்து உட்புறமாக வெட்டிச் சென்று கோல் அடிப்பதைப் பல ஆண்டுகள் உலகம் கண்டது. முப்பதுகளில் சப்மன் தம் ஓர வீரரிடம் வேண்டியதும், கோலை நோக்கி உட்புறமாக வருதலேயாகும்.

இவ்வரலாற்றினின்று பெறப்படும் முடிவு யாது? மையமே சிறந்தது என்றோ, ஓரமே சிறந்தது என்றோ இந்நூற்றைம்பது ஆண்டுகளில் எவரும் நிறுவவில்லை. மத்தியூஸ் ஓரத்தில் நின்று காவலரை இழுத்ததனால் மையத்தில் மோர்ட்டென்சனுக்கு வழி பிறந்தது. ஹிடெக்குட்டி மையத்தை வெறுமையாக்கியதனால் புஷ்காஷுக்கு வழி பிறந்தது. ஜயர்சீனியோ ஓரத்தை வெறுமையாக்கியதனால் கார்லோஸ் அல்பேட்டோவுக்கு வழி பிறந்தது. வென்றவர் அனைவரும் செய்தது ஒன்றே: காவல் செய்பவர் எதைத் தெரிந்தாலும் இழப்பு நேரும்படியான ஒரு நிலையை உண்டாக்கினர். இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மட்டும் தாக்குதல் வெல்வதில்லை. தக்க வேளையில் இடத்தை விட்டுக்கொடுப்பதாலும் வெல்லும்.

விளையாட்டைக் கற்பிப்போர் மனங்கொள்ள வேண்டிய மற்றொன்றும் இதில் உண்டு. ஒரு கிண்ணத்தை வென்ற முறையைக் கண்டு, அதற்கு மாறான கலையைப் பயனற்றதெனத் தள்ளிவிடுதல் எளிது. தள்ளப்பட்ட கலையை மீண்டும் வளர்த்தெடுக்க ஒரு தலைமுறை வேண்டும். ராம்சியின் தவறென்று இதைக் கூறுதல் நியாயமாகாது. தம்மிடம் இருந்த வீரரைக் கொண்டு, தம் கண்முன் இருந்த சிக்கலுக்கு அவர் விடை கண்டார். அவர் விடையை எல்லாக் காலத்துக்கும் எல்லா அணிகளுக்கும் உரிய விதியாகக் கொண்டோரே வழி தவறினர். பள்ளிக்கூட மைதானமொன்றின் ஓரத்தில், பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் காவலரை ஏமாற்றப் பார்க்கும் சிறுவனைப் பயிற்றுநர் உடனே அதட்டி நிறுத்தாதிருத்தல் நன்று. அவன் செய்ய முயல்வது, ஒருகாலத்தில் ஒரு நாடு வேண்டாமென்று தள்ளிப் பின்னர் தேடிச் சென்ற கலையாகும்.